அணைத்த பிறகும் கொல்லும்

"நான்தான் கொன்னேன்" என்று தருமன் மறுபடியும் சொன்னான்.

லாக்கப் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்து, சூம்பிப்போன இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கலாம். தலை மழித்திருந்தது. நேற்று அண்ணன் பன்னீர்செல்வத்துக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு சுடுகாட்டிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, "என்னைப் புடிச்சி உள்ள போடுங்க" என்று நின்றவன் அவன். அந்த வேட்டி உடம்பிலேயே காய்ந்து விறைத்துக் கிடந்தது.

"எப்படிக் கொன்னே?" என்று கேட்டார் தசரதன்.

"அண்ணன் சார்ஜர் பொட்டிக்குள்ள கைய வுட்டுகினு இருந்தாரு. நான் சுவிட்சப் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"வண்டித் தகராறு."

"வண்டியில என்ன தகராறு?"

தருமன் கொஞ்சம் திணறினான். "வண்டி... யாருக்குன்னு."

தசரதனின் உதவியாளன் லோகநாதன் அவர் காதருகே குனிந்தான். "பாடம் ஒப்பிக்கிறான் சார். விட்டா திருக்குறளும் பொருளோட சொல்லுவான்."

தசரதன் சிரிக்கவில்லை. வேலூரில் துப்பறியும் நிலையம் நடத்த ஆரம்பித்து இத்தனை வருஷத்தில், செய்த குற்றத்தை இல்லை என்று சாதித்தவர்களைத்தான் அவர் நிறையப் பார்த்திருந்தார். செய்யாத குற்றத்தை இத்தனை பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவனை இப்போதுதான் பார்க்கிறார்.

செய்யவில்லை என்பது அவருடைய ஊகம் அல்ல. நேற்று மாலை இந்த ஆரணியிலிருந்து அவருக்கு டிரங்க் கால் வந்தது. பேசியது கன்னியம்மா, செத்துப்போன பன்னீர்செல்வத்தின் மனைவி. பன்னீர்செல்வம் வேலூரில் வேலை பார்த்த காலத்தில் தசரதன் வீட்டுக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியவன். அந்தப் பழக்கத்தில் நம்பர் தெரிந்திருக்கிறது. "என் கொழுந்தன் பொய் சொல்றான் சார். அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல. இன்னா நடந்துச்சுன்னு நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்" என்றாள். புருஷனைப் பறிகொடுத்த பெண், கொன்றதாகச் சொல்பவனைக் காப்பாற்றக் கூப்பிடுகிறாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்" என்றார் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு. நல்ல மனிதர், இரண்டு நாள் தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் நின்று கண் சிவந்திருந்தது. "செத்தது கரண்ட் ஷாக்லதான்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ரெண்டு உள்ளங்கையும் கருகி இருக்குது. இவனா வந்து ஒத்துகினான். நான் இன்னா பண்ண முடியும், சொல்லுங்க?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தசரதன் வெளியே வந்தார்.

தெருவுக்கு வந்ததும் லோகநாதன் தன் கட்சியை எடுத்து வைத்தான். "சார், கொழுந்தன் அண்ணிக்காக ஜெயிலுக்குப் போறான். அண்ணி கொழுந்தனுக்காக டிரங்க் கால் போடுது. எனக்கு ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னுதான் தெரியும்."

"உனக்கு அது மட்டும்தான் தெரியும்" என்றார் தசரதன். ஆனால் அந்தச் சந்தேகம் அவருக்கும் வராமல் இல்லை.

பன்னீர்செல்வத்தின் வீடு தேரடிக்கு அடுத்த தெருவில் இருந்தது. வழியெல்லாம் தேர்க் கட்டையின் தடம், நசுங்கிய வாழைப்பழம், மிதிபட்ட பூ. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தம். பன்னீர்செல்வத்தின் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை.

வாசலில் அந்த வண்டி நின்றது. மூன்று சக்கரம், தகரக் கூடு. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பேட்டரிகள். சீட்டுக்குக் கீழே ஒரு மோட்டார், அதற்குப் பக்கத்தில் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டி. பெட்ரோல் இல்லாமல், கரண்டில் ஓடும் வண்டியைத் தன் கையாலேயே செய்து முடிக்கும் தறுவாயில்தான் பன்னீர்செல்வம் செத்திருக்கிறான்.

லோகநாதன் கழுத்தில் தொங்கிய கேமராவில் பிளாஷைச் சொருகிப் படம் எடுத்துக்கொண்டே முன்பக்கம் போனவன், "சார், இங்க வாங்க" என்றான்.

முன்கண்ணாடிக்கு மேலே சிவப்புப் பெயின்டில், புதுசாக, 'தருமன்' என்று எழுதியிருந்தது.

"வண்டி யாருக்குன்னு தகராறாம். பேரே எழுதிட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல கூட இவ்ளோ பெருசா எழுத மாட்டாங்க சார்."

"அவனுக்காகத்தான் செஞ்சாரு" என்று ஒரு குரல் கேட்டது.

கன்னியம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். ஒடிசலான உருவம். அழுத அடையாளம் முகத்தில் இல்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எதுவோ அடைத்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. "பட்டு நூலை மூட்டை கட்டி, நெசவு பண்ற ஊருங்களுக்குத் தருமன் சைக்கிள்ல கொண்டு போவான். களம்பூர் போய்ட்டு வந்தான்னா ராத்திரி பூரா காலு வலில தூங்க மாட்டான். அதப் பார்த்துட்டுத்தான் இவரு இதுல எறங்கினாரு. பெடல் மிதிக்கத் தேவையில்லாத வண்டி."

அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டரை வயதுப் பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. வலது ஆள்காட்டி விரல் நுனி முழுக்க நீல இங்க். லோகநாதன் குனிந்து அந்த விரலைப் பிடித்தான். "காலையிலேயே ஓட்டுப் போட்டுட்டு வந்துட்டீங்களா மேடம்? எந்தச் சின்னம்?"

குழந்தை சிரித்தது. "காத்தாயி, உள்ள போ" என்று கன்னியம்மா சட்டென்று விரலை விடுவித்துக் குழந்தையை உள்ளே தள்ளினாள்.

முன்கூடத்தின் ஒரு பாதியில் தறி. பாதி நெய்த புடவையின் மேல் பழைய துணி போர்த்தியிருந்தது. மறுபாதியில், சுவரோரம், இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் அந்தச் சார்ஜர் பெட்டி. மூடி இல்லை. உள்ளே சோடாப் பாட்டில் பருமனில், வெள்ளி நிறத்தில் அலுமினிய டப்பாக்கள் வரிசையாக நின்றன. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில், கடைசி வரை குடித்துத் தேய்த்து அணைத்த ஒரு பீடித் துண்டு.

"யாரோட பீடி?"

"அவருதுதான். எப்பவும் கரண்ட நிறுத்திட்டு ஒரு பீடி குடிப்பாரு. குடிச்சு முடிச்சப்புறம்தான் பொட்டில கைய வைப்பாரு. ஏன்னு கேட்டா, 'அது மூச்சு வுடட்டும்'னு சொல்லுவாரு."

தசரதன் அந்தப் பீடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் முனியம்மாள், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லத் தயாராக இருந்தாள். "தேர் எங்க தெரு முனை திரும்பசொல்லோ நடந்துச்சு சார். என் கிரைண்டரு பாதி மாவுல நின்னு போச்சு. அய்ய, பேஜாரா போச்சேன்னு ஆட்டுக்கல்லுல போட்டுச் சுத்திகினு இருக்கேன். அப்பத்தான் தருமன் 'அண்ணே'ன்னு கத்தினான்."

தசரதன் குறுக்கிட்டார். "கிரைண்டர் ஏன் நின்னுச்சு?"

"கரண்டு கட்டு சார். தேர் ஒசரத்துக்குக் கம்பி இடிக்கும் இல்ல? தேர் நெலைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எந்த வீட்லயும் கரண்டு வராது. எல்லா வருசமும் அப்டித்தான்."

லோகநாதனின் வாய் திறந்து அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "சார்... தெருவுக்கே கரண்ட் இல்லாதப்ப அவன் எந்தச் சுவிட்சப் போட்டான்?"

"அதான். தருமன் பொய் சொல்றான். அது நிச்சயம் ஆயிடுச்சு."

"அப்ப இவரு எப்டி செத்தாரு? கரண்டே இல்லாம கரண்ட் ஷாக்கா? வாசல்ல போற தேர்ல இருந்து சாமி எறங்கி வந்து அடிச்சுதா?"

ஒரு முடிச்சை அவிழ்த்ததும் அதற்குள்ளிருந்து பெரிய முடிச்சு ஒன்று வந்து நின்றது.

திரும்பவும் கூடத்துக்கு வந்தார்கள். லோகநாதன் பெட்டியை இரண்டு படம் எடுத்தான். பிறகு, செலவில் சிக்கனக்காரனாதலால், பிளாஷிலிருந்து இரண்டு பேட்டரி செல்களையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். பிளாஷைத் துடைத்து உறையில் வைக்கப் போனபோது கட்டைவிரல் எங்கோ பட்டது.

பளீர்!

கூடம் முழுக்க ஒரு கணம் வெள்ளையாகி அடங்கியது. உள்ளே குழந்தை வீறிட்டது.

"அய்யோ, பேட்டரி என் பையில இருக்குது சார்!" லோகநாதன் பிளாஷை ஏதோ தேளைப் பிடித்தவன்போல் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தான். "வெறும் பொட்டி எப்டி சார் மின்னுச்சு?"

தசரதன் அவனைப் பார்த்தார், பிளாஷைப் பார்த்தார், அப்புறம் அந்த அலுமினிய டப்பாக்களைப் பார்த்தார்.

"வெறும் பெட்டி இல்லடா" என்றார் மெதுவாக. "பேட்டரி போயிடுச்சு. ஆனா அது குடுத்தது உள்ளே நின்னுகிட்டிருந்தது. உன் பிளாஷுக்குள்ள சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கண்டென்சர் இருக்கு. இங்க பாரு, அதே கண்டென்சர். சோடாப் பாட்டில் சைஸ்ல."

அவர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் கரண்ட் அலை அலையாக ஏறி இறங்கி வருவது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் அது ஆகாது, சமமாக வேண்டும். அலை ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது விட்டுக்கொடுத்து நிரவுவதுதான் கண்டென்சரின் வேலை. வண்டியின் கன்ட்ரோலரிலும் அதே டப்பாக்கள் இருந்தன. அவை இருந்தால்தான் மோட்டார் திமிறாமல் ஓடும், வண்டி துள்ளாமல் கிளம்பும். வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தக் குணம்தான் அதன் பலம். கரண்ட் நின்ற பிறகும் அது வாங்கியதை விடாது. முந்நூறு வோல்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், சூடில்லாமல், விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

"அப்ப இது ஒரு நாளைக்கு இல்ல, தினமும் கொல்லணுமே சார்" என்றான் லோகநாதன். அவன் குரலிலிருந்து கிண்டல் இறங்கியிருந்தது.

"அதுக்குத்தான் பீடி. டப்பாவுக்குக் குறுக்கே ஒரு வடிகால் வச்சிருப்பாங்க. வெள்ளையா, பீங்கான்ல, குச்சி மாதிரி ஒரு ரெசிஸ்டர். கரண்ட் நின்னதும் டப்பாவுல இருக்கறதெல்லாம் அது வழியா வடிஞ்சு சூடாப் போயிடும். ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆகும். பன்னீர்செல்வம் விவரம் தெரிஞ்ச ஆளு. அன்னிக்கும் பீடி குடிச்சு முடிச்சுட்டுத்தான் கைய வச்சிருக்காரு."

"குச்சி எங்க சார்?"

தசரதன் டார்ச்சை அடித்தார். டப்பாக்களுக்குப் பின்னால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில், இரண்டு பித்தளைத் திருகுகள். ஒவ்வொன்றிலும் அரை விரல் நீளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை.

கருகி அறுந்திருந்தால் முனை கறுத்திருக்கும். இரண்டு முனைகளும் பளபளவென்றிருந்தன. பிளையரால் வெட்டியிருந்தால் நசுங்கியிருக்கும். இவை மெல்லிய கத்தரியால், சாய்வாக, துணி வெட்டுவதுபோல் வெட்டப்பட்டிருந்தன. ஒரு முனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழை ஒட்டியிருந்தது. அரக்கு நிறப் பட்டு இழை.

தசரதன் மெதுவாக எழுந்து தறியிடம் போனார். போர்த்தியிருந்த துணியை ஓரமாக விலக்கினார். அரக்குக் கரை போட்ட புடவை. தறிக் கட்டையில் கயிற்றில் கட்டித் தொங்கிய நூல் கத்தரி. அதன் வாயில், நடுவில், சின்னதாக ஒரு பல் தெறித்திருந்தது. பட்டு வெட்டுவதால் மட்டும் கத்தரிக்கு இப்படிப் பல் தெறிக்காது.

உள்ளே குழந்தை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது. சுட்ட புண்ணுக்கு இங்க் தடவுவார்கள் என்பது தசரதனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சுடச்சுட இருக்கும் ஒரு வெள்ளைக் குச்சி. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஸ்டூல். மூடியில்லாத பெட்டி.

அவர் துணியை இழுத்து மூடினார்.

லோகநாதனுக்கும் புரிந்துவிட்டது. "அந்தம்மாவுக்கே இது தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

"தருமனுக்குத் தெரியும்" என்றார் தசரதன். "அதனாலதான் உள்ளே உக்காந்திருக்கான்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணுவின் மேஜைமேல் லோகநாதன் பிளாஷை வைத்தான். செல்களைப் போட்டான், கழற்றினான், அவற்றை இன்ஸ்பெக்டர் கையிலேயே கொடுத்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"முந்தாநாள் தேர் தெருவுல வந்தப்ப கரண்ட் இருந்துதா சார்?" என்று கேட்டார் தசரதன்.

"எப்படிங்க இருக்கும்? லைனை ஆஃப் பண்ணச் சொல்லி ஈ.பி.க்குச் சொன்னதே நான்தா..." இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தினார். லாக்கப் பக்கம் திரும்பினார். தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! அப்ப எந்தச் சுவிட்சடா போட்டே?"

தருமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தசரதன் சொன்னதை இன்ஸ்பெக்டர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "அந்த வடிகால் குச்சி எப்படிங்க இல்லாமப் போச்சு?" என்றார்.

தசரதன் தயங்கினார். "வீட்ல வச்சுச் செஞ்ச பெட்டி. ஆயிரம் காரணம் இருக்கலாம். கொலை பண்ணணும்னு யாரும் எதுவும் செய்யல. அதுக்கு நான் பொறுப்பு."

துரைக்கண்ணு அவரை நெடுநேரம் பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான அவர், அதற்கு மேல் தோண்டவில்லை. "எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டரை வந்து பார்க்கச் சொல்றேன். அவரும் இதையே சொன்னா விபத்துன்னு முடிச்சுடலாம். ஆனா இவன் நான்தான் நான்தான்னு நின்னா நான் இன்னா பண்றது?"

தசரதன் லாக்கப் கம்பியருகே போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கம்பி முனையில அரக்குப் பட்டு ஒட்டிகிட்டு இருந்தது தருமா."

அத்தனை நேரம் கல்லாக இருந்த முகம் உடைந்தது. தருமன் சூம்பிய காலை இழுத்துக்கொண்டு கம்பிக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், அண்ணிக்குத் தெரியக் கூடாது. உங்க கால்ல வேணா விழறேன். அண்ணனத் தூக்கிக் கெடத்திட்டு, எப்டி ஆச்சுன்னு பொட்டியப் பார்த்தேன். குச்சி இல்ல. முந்தின நாள் சாயங்காலம் பாப்பா சுட்டுகிச்சு. 'இத எடுத்துடுங்க'ன்னு அண்ணி கத்தினாங்க. 'நாளைக்கு மூடி போட்டுடறேன்'னு அண்ணன் சொன்னாரு. அது எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது சார். ஒரு அம்மா அடுப்புக் கொள்ளியத் தள்ளி வைக்கிற மாதிரிதான் வெட்டிப் போட்டிருக்காங்க."

"அதுக்காக நீ தூக்குல தொங்குவியா?"

"என்னை வெறுத்தாங்கன்னா தாங்கிப்பாங்க சார். அவங்களையே வெறுத்துகினா எப்டிப் பொழைப்பாங்க? பாப்பாவ எப்டித் தூக்குவாங்க?"

தசரதன் அவன் கையை ஒரு முறை அழுத்தினார். "நானா சொல்ல மாட்டேன்" என்றார். "நீ வெளியே வா."

அன்று மாலையே, கூப்பிட்டபோது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு தருமனை அனுப்பினார்கள். மூன்று பேரும் அந்தத் தெருவுக்கு நடந்தார்கள். தருமனின் நடைக்காக இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள்.

கன்னியம்மா கொழுந்தனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வந்துட்டியா தருமா" என்றாள். அவ்வளவுதான். பிறகு தசரதனைப் பார்த்தாள்.

"கரண்ட் நின்ன பிறகும் பெட்டிக்குள்ள கொஞ்சம் தங்கியிருந்திருக்கு அம்மா" என்றார் தசரதன். "அதுதான் அவரை அடிச்சிருக்கு. யாரும் சுவிட்ச் போடல. விபத்து."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுக் கேட்டாள்: "மத்த நாள்ல ஏன் தங்கல சார்?"

லோகநாதன், "அது வந்துங்கம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

தருமன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "அது ஒண்ணும் இல்ல அண்ணி. உள்ள ஒரு சாமான் கருகிப் போச்சு. பழைய சாமான்."

"வெள்ளைக் குச்சியா?"

தருமன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது கருகல" என்றாள் கன்னியம்மா. "நான்தான் வெட்டினேன். காலைல அவரு குளிக்கப் போனாரு, அப்ப பொட்டிக்குக் கரண்டு குடுக்கல. அது ஒண்ணுதான் கொதிக்குது, அது இல்லன்னா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். வெட்டி ஜலதாரைல போட்டேன். அவரு கையில சொல்லிக்கலாம்னு இருந்தேன், தேர் அவசரத்துல மறந்து போச்சு. மத்தியானம் அவரு செத்துட்டாரு." குரல் நடுங்கவில்லை. அதுதான் கேட்பவர்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அன்னிக்கு நான் தொட்டது அது ஒண்ணுதான் சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு படிச்சவங்க யாராவது ஒருத்தர் வந்து சொல்லிட மாட்டாங்களான்னுதான் உங்களக் கூப்பிட்டேன். சொல்லுங்க. இருக்குதா, இல்லியா?"

தருமன் தசரதனைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். இல்லை என்று ஒரு சொல். எத்தனையோ கட்சிக்காரர்களிடம் நாகரிகத்துக்காக அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவள் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியோடுதான் இனி காலம் முழுக்க அவள் படுத்து எழ வேண்டும். யாரும் இல்லாத தனிமையில், யாரிடமும் கேட்க முடியாமல், தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு.

"இருக்கும்மா" என்றார் தசரதன்.

"சார்!" என்று தருமன் கத்தினான்.

கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? நான் வெட்டினதுன்னு?" என்றாள்.

"தெரியறதுக்கு நேரமே இருந்திருக்காது."

"வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா" என்றார். அதை மட்டும் உண்மையா பொய்யா என்று தெரியாமலேயே சொன்னார்.

தருமன் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "அண்ணி, கரண்டு திரும்ப வந்துடப் போவுதுன்னு பியூசப் புடுங்கினவன் நான். அண்ணன் பீடியக் கீழ தேய்ச்சுட்டு, 'வைக்கலாமாடா'ன்னு கேட்டாரு. 'வையிண்ணே'ன்னு சொன்னது நான்தான். நீங்க மட்டும் இல்ல."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மழித்த தலை, விறைத்துப்போன வேட்டி, கம்பியில் சாய்ந்து சாய்ந்து தோளில் பதிந்த துருக்கறை. எனக்காகவா நீ அங்கே போய் உட்கார்ந்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தாள், அதற்குப் பதிலாக, மூன்று நாளாக வராத அழுகை வந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு தெருவே கேட்கும்படி. குழந்தை ஓடிவந்து அவள் மடியில் விழுந்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

லோகநாதன் முதலில் வெளியே போனான். வண்டியின் முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். மறுபடி கழற்றித் துடைத்தான். தசரதன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தருமன் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்க சார்."

"ஆமாம் தருமா. குடுத்தேன்."

அவன் திட்டுவான் என்று தசரதன் நின்றார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார். தருமன் தெருப்பக்கம் திரும்பினான்.

"நேத்து ராத்திரி லாக்கப்புல நான் ஒருத்தன் மட்டும் இத வச்சுகினு உக்காந்திருந்தேன் சார்" என்றான். "இங்க அவங்களும் தனியா வச்சுகினு இருந்திருக்காங்க. அது எனக்குத் தெரியல."

"தருமா" என்று உள்ளேயிருந்து கன்னியம்மா கூப்பிட்டாள். அழுகையில் கரைந்த குரல். "சோறு வைக்கறேன், வா."

அவன் போனான்.